நம் வீட்டு முன்வாயில் யாருடையது?

நம் சங்கத்து இதழில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதைப் பற்றியும், எல்லைக்கு அப்பால் விட்டு வந்த நிலபுலங்களைப் பற்றியும் எழுதினால் அன்பர்கள் விருப்பத்தோடு படிப்பர். கைத்தொலைபேசியின் முகப்பில் விரல் நகமளவு தோன்றும் ஒரு வட்டக் குறியைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று கேட்பவரும் இருப்பர். கேட்கட்டும். அந்தச் சிறு குறியின் பொருட்டு அமெரிக்காவில் பெருவழக்குகள் நடந்திருக்கின்றன. இந்தியாவில் 1,337 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதிக்கப்பட்ட ஒரு வழக்கிலும் அதற்குப் பங்கு உண்டு. இவற்றைவிட நமக்கு நெருக்கமான செய்தியும் ஒன்று இருக்கிறது. பலமனேரில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்குத் தமிழ் எழுத்து இன்று பெரும்பாலும் அந்தக் குறியின் வழியாகவே வந்து சேர்கிறது.

நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழைப் பேச வீட்டில் கற்கின்றனர். படிக்கக் கற்பது பெற்றோரின் முயற்சியைப் பொறுத்தது. தமிழ் நாளிதழ் பேருந்து நிலையத்துக் கடைக்கு வரும் நாளும் உண்டு. வாராத நாளும் உண்டு. குடியாத்தத்திலிருந்து வரும் உறவினர் கையோடு கொண்டு வரும் வார இதழ் ஒன்று, நான்கு வீடுகளைச் சுற்றிக் கிழிந்து திரும்பிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்று அந்தக் குறியைத் தொட்டால் சென்னைச் செய்தியும் யாழ்ப்பாணச் செய்தியும் கோலாலம்பூர்ச் செய்தியும் திண்ணைக்கே வந்துவிடுகின்றன.

அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதைப் பிள்ளைகள் பிரவுசர் என்பர். நம் தமிழறிஞர்கள் உலாவி என்று அழகாகப் பெயரிட்டிருக்கின்றனர். 'பிரவுசிங் சென்டர்' என்று பலகை மாட்டிய கடைகளை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து உட்கார்ந்தவர்கள்கூட, தாம் எந்தப் பிரவுசர் வழியாகப் பார்க்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. வீட்டின் வாயிலை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? அது திறவாத அன்றுதான் நினைவு வருகிறது.

எனக்கு அந்த நினைவு 2013ஆம் ஆண்டில் வந்தது. குடியாத்தம் பக்கத்தில் எங்கள் பாட்டனார் விட்டுச் சென்ற சிறு நிலத்திற்கு ஒரு சான்று தேவைப்பட்டது. முன்பெல்லாம் மலைச்சரிவு இறங்கிப் பேருந்தில் போய், ஒரு நாள் முழுதும் காத்திருந்து வாங்கி வர வேண்டும். இனி இணையத்திலேயே பார்க்கலாம் என்று கேள்விப்பட்டுப் பேருந்து நிலையத்தருகே உள்ள பிரவுசிங் சென்டருக்குச் சென்றேன். அலுவலகத்தின் பக்கம் திறந்தது. சான்று வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மூன்று முறை முயன்றோம். கடைப் பையன் தெலுங்கன். தமிழும் நன்றாகப் பேசுவான். "சார், இந்த ஆபீஸ்காரர்கள் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் அதை எடுத்துவிட்டோம்" என்றான். மறுநாள் பேருந்து ஏறினேன். அரசாங்கத்துக்குரிய ஒரு கதவு, ஓர் அமெரிக்கக் கம்பெனியின் சாவிக்கு மட்டும் திறக்கும்படி ஏன் அமைந்தது என்ற கேள்வி அன்று பேருந்திலேயே என்னோடு உட்கார்ந்துவிட்டது.

விடைக்கு 1994ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு அமெரிக்காவில் ஜிம் கிளார்க் என்னும் செல்வரும், மார்க் ஆண்டிரீசன் என்னும் இளைஞரும் சேர்ந்து நெட்ஸ்கேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஆண்டு முடிவதற்குள் நேவிகேட்டர் என்னும் அவர்களுடைய உலாவி வெளிவந்தது. 1995 ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்த நாளை அமெரிக்கர்கள் இன்றும் பெரிதாகப் பேசுவர். கணினிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றுக்கு விண்டோஸ் என்னும் அடிப்படை நிரலை அளித்துவந்த மைக்ரோசாஃப்ட் இதைக் கண்டு அஞ்சியது. மக்கள் எல்லாவற்றையும் உலாவி வழியாகவே செய்யத் தொடங்கிவிட்டால், அடியில் இருப்பது விண்டோஸா வேறொன்றா என்று யார் பார்ப்பார்கள்? ஆதலின் அதே மாதத்தில் தானும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. பின்னர் அதை விலையின்றி விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது; கணினி செய்து விற்கும் கம்பெனிகள் அதை நீக்கவும் கூடாது என்றது.

விலையின்றி வீட்டோடு வருகிற பொருளைத் தள்ளி, வெளியே போய் வேறொன்றைத் தேடுபவர் எத்தனை பேர்? நெட்ஸ்கேப் சரிந்தது. 1998 நவம்பரில் அமெரிக்கா ஆன்லைன் என்னும் வேறு நிறுவனத்துக்கு அதை விற்க உடன்பாடாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் மைக்ரோசாஃப்ட் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. நீதிபதி ஜாக்சன் 2000 ஜூனில் அக்கம்பெனியை இரண்டாகப் பிளக்கவே உத்தரவிட்டார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளவை நீக்கியது. ஆயினும் ஏகபோகத்தைச் சட்டத்திற்கு மாறாகக் காத்தது என்ற குற்றத்தை நிலைநிறுத்தியது. பின்னர் உடன்படிக்கையில் முடிந்தது.

இவையெல்லாம் செல்வர்களின் சண்டை. நமக்கென்ன என்று கேட்கலாம். வென்றவர் அதன்பின் செய்ததைப் பாருங்கள். 2001இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 6ஆம் பதிப்பு வந்தது. 7ஆம் பதிப்பு வந்தது 2006இல். போட்டியாளர் இல்லாத ஐந்து ஆண்டுகள் கதவுக்கு எண்ணெய் விடவும் ஆள் இல்லை. அந்த ஆண்டுகளில்தான் உலகெங்கும் அலுவலகங்கள் இணையத்தில் ஏறின. அப்போது இருந்த ஒரே வாயிலுக்கு ஏற்பவே சுவரையும் கட்டிவிட்டன. என்னைப் பேருந்து ஏற வைத்த பக்கமும் அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

நம் தமிழ் எழுத்தும் இந்தச் சண்டையினிடையே அகப்பட்டுக் கொண்டது. இது இளையவர்கள் பலருக்குத் தெரியாத வரலாறு. சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழை இணையத்தில் ஏற்றியவர்களுள் முன்னோடிகள் பலர் நம்மைப் போலத் தமிழ்நாட்டிற்கு வெளியே வாழ்ந்தவர்கள். 1995இல் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது அவற்றுள் தமிழும் இடம்பெற்றது; எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியின் உழைப்பு அது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்னும் எழுத்துக் கருவியை ஆக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவைச் செய்து இலவசமாக அளித்தார். 1998 பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திற்கும் அவர் தூணாக நின்றார். ஊரைப் பிரிந்தவனுக்கே ஊர் எழுத்தின் அருமை தெரியும் போலும்.

ஆனால் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீட்டு முறை என்று பெருகியது. ஆங்கில எழுத்துகளுக்கும் மேற்குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை வைத்து ஒப்பேற்றினர். உரிய எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் புள்ளியும் கொக்கியும் தலையில் வைத்த ரோமன் எழுத்துகளின் கூட்டம் தெரியும். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடி ஒருமைப்பாட்டிற்கு முயன்றன. சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசாங்கம் டாம், டாப் என்ற இரு முறைகளை ஏற்றது. அயல்நாட்டுத் தமிழர் பலர் திஸ்கி என்ற வேறு முறையைப் பின்பற்றினர்.

படிப்பவர் ஒவ்வொருவரும் எழுத்துருவைத் தேடி நிறுவுவது இயலாத காரியம். ஆகவே பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து இறங்கும் ஒரு வழியை உலாவிக் கம்பெனிகள் கண்டுபிடித்தன. நல்லதுதான், ஆனால் மைக்ரோசாஃப்ட் ஒரு வழியைக் கண்டது, நெட்ஸ்கேப் வேறொரு வழியைக் கண்டது. ஒருவருடையது மற்றவரிடம் எளிதில் செல்லாது. தமிழ் இதழ்கள் யாருக்காகப் பக்கம் அமைக்கும்? வாசகருள் பெரும்பாலோர் இருக்கும் பக்கம் சாய்ந்தன. இதன் பயனாக, தமிழ்ப் பக்கங்கள் பலவற்றை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உடையவர் படித்தனர். மற்றவர் கொக்கி எழுத்துகளைக் கண்டு திகைத்தனர். 2002 வாக்கில் இவ்வூரில் ஒரு கணினிக்கு முன் உட்கார்ந்து, நாளிதழ் ஒன்றின் தலைப்பைப் பார்த்துவிட்டு, "இது பிரெஞ்சு மொழியா?" என்று கேட்டவன் நான்தான். எழுத்துகூட ஒரு கம்பெனியின் சொத்துக்குள் அடைபட்டுக் கிடக்கலாம் என்பதை அன்று கண்டேன்.

அந்தச் சிறையைத் திறந்தவை இரண்டு. ஒன்று, யூனிகோடு என்னும் ஒருங்குறி. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் ஒதுக்கும் அம்முறையில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் அது கணினிகளில் வந்து நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போதுதான் தமிழ்நாட்டு அரசாங்கம் அதை முறையாக ஏற்றது. மற்றொன்று, உலாவிகளுக்குள் மீண்டும் எழுந்த போட்டி. நெட்ஸ்கேப் விழுவதற்கு முன் தன் நிரலை 1998இல் உலகுக்குத் திறந்துவிட்டிருந்தது. அந்த வித்திலிருந்து மொசில்லா என்னும் தொண்டு நிறுவனத்தின் ஃபயர்ஃபாக்ஸ் முளைத்தது. அதன் முதற் பதிப்பு 2004 நவம்பரில் வெளிவந்தது. பொது விதிகளின்படி பக்கம் அமைத்தால் எந்த உலாவியிலும் தெரியும் என்ற கொள்கையை அது வலியுறுத்தியது. தொண்டர்கள் அதன் கட்டளைச் சொற்களையும் தமிழாக்கினர்.

கைத்தொலைபேசியிலும் இதே கதை. ஆண்டிராய்டு தொலைபேசிகள் வந்த புதிதில் அவற்றில் தமிழ் தெரியாது. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது கைகொடுத்தது நார்வே நாட்டு ஓப்பரா மினி. அதன் அமைப்புக்குள் ஒளிந்திருந்த ஒரு வரியை மாற்றினால், ஓப்பராவின் கணினிகளே தமிழ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். அந்த வரியை எப்படி மாற்றுவது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, நம் அன்பர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். என் மைத்துனர் அந்தத் தாளைப் பணப்பையிலேயே வைத்திருந்தார். பெரிய கம்பெனி தமிழைக் கவனியாத நாளில் சிறிய கம்பெனி கவனித்தது. அதற்குத் தமிழ்ப் பற்று என்று சொல்ல மாட்டேன். வாடிக்கை வேண்டும், அதனால் கவனித்தது. போட்டியினால் நமக்குக் கிடைத்த பயனுக்கு இதைவிடத் தெளிவான சான்று என் அனுபவத்தில் இல்லை.

இனி அந்த வட்டக் குறிக்கு வருவோம். கூகுள் நிறுவனம் 2008 செப்டம்பர் 2ஆம் நாள் குரோம் என்னும் உலாவியை வெளியிட்டது. குரோம் என்றால் நம் பெரியவர்களுக்குக் குரோம்பேட்டைதான் நினைவுக்கு வரும். தோல் பதனிட்ட குரோம் கம்பெனியால் வந்த பெயர் அது. இந்தக் குரோமிலும் ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையே அந்தப் பணிக்குத் தலைமை தாங்கியவர்களுள் முதன்மையானவர். 2015இல் அவர் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கே உயர்ந்தார். குரோம் விரைவாக ஓடியது; சோம்பிக் கிடந்த எக்ஸ்புளோரரை நேர்மையாகவே வென்றது என்று சொல்ல வேண்டும். எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது.

அதன்பின் நடந்ததைத்தான் நம் நாட்டுப் போட்டி ஆணையம் கேள்வி கேட்டது. அதை விளக்க நம் ஊர் உவமையே போதும். நம் பக்கத்தில் தக்காளி விளைவிக்கும் குடியானவர்க்கு மண்டிக்காரர் கூடைகளை இலவசமாகக் கொடுப்பதாக வைத்துக் கொள்வோம். நல்ல மனிதர் என்போம். "என் கூடை வேண்டுமானால் என் தராசில்தான் எடை போட வேண்டும், என் வண்டியில்தான் ஏற்ற வேண்டும், என் கடையின் பலகையை உன் வீட்டு வாயிலில் மாட்ட வேண்டும்" என்று அவரே சொன்னால், கூடை இலவசம் என்று இன்னும் சொல்லலாமா? ஆண்டிராய்டு இலவசம். ஆனால் அதில் செயலிகளை இறக்கித் தரும் பிளே ஸ்டோர் இல்லாமல் எந்தத் தொலைபேசியும் இந்நாட்டில் விலைபோகாது. அதைப் பெற வேண்டுமானால் கூகுளின் தேடுபொறி, குரோம், யூடியூப் முதலிய எல்லாவற்றையும் சேர்த்தே பதிக்க வேண்டும் என்று தொலைபேசி செய்வோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியது கூகுள். இந்தியக் கைத்தொலைபேசிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை ஆண்டிராய்டு என்பதை நினைவிற் கொள்க.

2019 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2022 அக்டோபர் 20ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஐந்து சந்தைகளில் கூகுள் மேலாதிக்கம் பெற்றிருப்பதாகவும், அதைத் தவறாகப் பயன்படுத்தியதாகவும் கூறி 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அவ்வைந்தனுள் கைத்தொலைபேசி உலாவிகளின் சந்தையும் ஒன்று. கூகுள் தடை கேட்டது. 2023 ஜனவரி 19இல் உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்தது. சில நாட்களிலேயே, இந்தியாவில் தொலைபேசி செய்வோர் தனித்தனிச் செயலிகளைத் தேர்ந்து பதிக்கலாம் என்றும், வாங்குவோர் தமக்கு வேண்டிய தேடுபொறியைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளலாம் என்றும் கூகுள் அறிவித்தது. மார்ச் 29இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை அப்படியே நிலைநிறுத்தியது. ஆயினும் ஆணையத்தின் கட்டளைகளுள் நான்கை நீக்கியது. பதித்து வரும் கூகுள் செயலிகளை வாங்கியவர் அறவே நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்ற கட்டளையும் அந்நான்கனுள் அடங்கும்.

இது சட்டப் புத்தகத்துச் செய்தி மட்டுமன்று. உங்கள் தொலைபேசியில் அந்த வட்டக் குறியை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் அதை முடக்கி வைக்கலாம். வேரோடு எடுத்தெறிய முடியாது.

சென்ற ஆண்டு என் பேத்தி உதவித்தொகைக்கு விண்ணப்பம் அனுப்பினாள். கடைசி நாள், இரவு மணி ஒன்பது. அவளுடைய கணினியில் நான் வேண்டுமென்றே ஃபயர்ஃபாக்ஸ் வைத்துக் கொடுத்திருந்தேன். பெயர், மதிப்பெண், வருமானம் எல்லாம் நிரப்பிய பின்னர், ஒப்புதல் பொத்தானை அழுத்தியதும், குரோமில் மட்டுமே இது இயங்கும் என்று ஒரு வரி வந்தது. நிரப்பியவை அனைத்தும் மறைந்தன.

"தாத்தா, உங்கள் கொள்கையால் என் படிப்புக்கே உலை வந்துவிடும் போலிருக்கிறதே!" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. குரோமை இறக்கி, மீண்டும் முதலிலிருந்து நிரப்பி, மணி பதினொன்றரைக்கு அனுப்பினோம். 2013இல் எக்ஸ்புளோரருக்காக நான் பேருந்து ஏறினேன். அவள் குரோமுக்காகக் கண்விழித்தாள். பலகையில் பெயர் மாறியிருக்கிறது. கதவு அதே கதவுதான்.

ஒரே சாவிக்குப் பழகிய நாட்டுக்கு நேரும் துன்பத்தைத் தென்கொரியாவில் காணலாம். 1990களின் இறுதியில் அந்நாடு இணைய வாணிகத்திற்கென்று தன் சொந்த மறையெழுத்து முறையை வகுத்தது. அது இயங்க எக்ஸ்புளோரருக்கு மட்டுமே உரிய ஒரு துணைக்கருவியை நம்பியது. விளைவு, அங்கே வங்கிக் கணக்கைப் பார்க்கவும் பொருள் வாங்கவும் நெடுங்காலம் எக்ஸ்புளோரரே வேண்டியதாயிற்று. அது ஓய்வுபெற்ற 2022இல், கியோங்ஜு நகரில் ஒரு பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே நட்டுவிட்டார். வேறு உலாவிகளை இறக்கிக்கொள்ள இது நல்ல கருவியாக இருந்தது என்ற பொருள்பட அதில் பொறித்திருந்தார். துன்பத்தில் நகைக்கத் தெரிந்தவர்கள்.

அப்படியானால் நம்மவர் வேறொரு கதவு செய்யலாகாதா? செய்திருக்கின்றனர். நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 2010இலேயே எபிக் என்னும் உலாவி வந்தது; இந்திய மொழிகள் பலவற்றில் எழுதும் வசதி அதில் இருந்தது. சீனத்து யூசி பிரவுசர் ஒருகாலத்தில் இந்தியக் கைத்தொலைபேசிகளில் முதலிடத்திற்கே போட்டியிட்டது. எல்லைப் பூசலை ஒட்டி 2020 ஜூனில் அரசாங்கம் அதைத் தடை செய்தது. 2023இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் நிறுவிய ஸோஹோ, உலா என்னும் உலாவியை வெளியிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிப் பக்கத்துச் சிற்றூரிலும் பணிமனை நடத்தும் நிறுவனம் அது. பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிரும் காண, தலைவன் வீதியில் வரும் உலா நூல்களை அறிந்த நம் பெரியவர்கள் அப்பெயரைக் கேட்டுப் புன்னகைப்பர். மத்திய அரசாங்கம் நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் ஸோஹோவுக்கு முதற்பரிசாக ஒரு கோடி ரூபாய் கிடைத்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் அன்பர்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. உலாவிக்குள் எஞ்சின் என்று ஒன்று உண்டு. வண்டிக்கு எஞ்சின் போல. பக்கத்தை வரைந்து காட்டுவது அதுவே. உலா ஓடுவது, கூகுள் முன்னின்று வளர்த்துத் திறந்துவிட்டிருக்கும் குரோமியம் என்னும் திட்டத்தின் எஞ்சினில். எபிக்கும் பின்னாளில் அதற்கே மாறியது. ஒருகாலத்தில் உலகை ஆண்ட மைக்ரோசாஃப்ட்டும் தன் எஞ்சினைக் கைவிட்டு 2020 ஜனவரியில் அதற்கே வந்துவிட்டது. தனி எஞ்சினோடு பெருவாரியாக எஞ்சியிருப்பவை ஆப்பிளின் சஃபாரியும் மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸும்தாம். அந்த மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதியும் கூகுளிடமிருந்து வருகிறது. கூகுள் தேடுபொறியை முதலில் காட்டுவதற்குரிய பணம் அது. எதிரியின் வீட்டுச் சோற்றை உண்டு எதிரியோடு போரிடும் நிலை. இது கண்டு நகைப்பதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. உலாவில் ஒன்று உண்மை: எஞ்சின் கூகுள் வளர்த்ததாயினும், நாம் எங்கெங்கே போகிறோம் என்ற கணக்கை விளம்பரத்துக்கு விற்பதில்லை என்று அவர்கள் சொல்கின்றனர். அந்த அளவுக்கு அது வேறு கதவுதான்.

இந்தச் சோற்றுப் பணத்தின் அளவு அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2021ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும், தன் தேடுபொறியை முதலில் காட்டுவதற்காகக் கூகுள் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். அதில் மிகப் பெரும் பங்கு ஆப்பிளுக்கு. 2020இல் தொடுத்த அவ்வழக்கில், குஜராத்தில் பிறந்த நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5இல் கூகுள் ஏகபோகத்தைச் சட்டத்திற்கு மாறாகக் காத்தது என்று தீர்ப்பளித்தார். குரோமை விற்றுவிடச் செய்ய வேண்டும் என்று அரசாங்கத் தரப்பு கேட்டது. விற்பனைக்கு வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும், 2025 ஆகஸ்டில் 3,450 கோடி டாலருக்கு வாங்கிக் கொள்வதாகப் பெர்பிளெக்சிட்டி என்னும் இளம் நிறுவனம் முன்வந்தது. அதன் தலைவர் அரவிந்த் ஸ்ரீநிவாஸ் சென்னையில் பிறந்தவர். கேட்ட விலை அந்நிறுவனத்தின் சொந்த மதிப்பைக் காட்டிலும் மிகுதி.

ஆக, குரோமை வளர்த்தவர் ஒரு தமிழர். அதை விலைக்குக் கேட்டவர் ஒரு தமிழர். அதற்கு எதிராக உலாவை விட்டவரும் ஒரு தமிழர். நம் சங்கத்தில் சிலர் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். எனக்கும் பெருமை உண்டு. எனினும், கதவுக்கு உரியவர் தமிழர் என்பதால் அது நமக்குத் தானே திறந்துவிடாது. என் பேத்திக்கு அன்று இரவு திறக்கவில்லையே.

2025 செப்டம்பர் 2ஆம் நாள் நீதிபதி தம் முடிவைச் சொன்னார். குரோம் பிறந்து அன்றோடு சரியாகப் பதினேழு ஆண்டுகள். குரோமை விற்க வேண்டியதில்லை என்றார். வேறெவர் தேடுபொறிக்கும் உலாவிக்கும் இடமில்லாதபடி தனியுரிமை ஒப்பந்தம் எழுதக் கூடாது என்றார். தேடலில் சேர்த்த தரவுகளுள் சிலவற்றைத் தகுதியுள்ள போட்டியாளர்க்குக் கொடுக்க வேண்டும் என்றார். பணம் கொடுப்பதை அடியோடு தடுக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய போட்டி வந்திருப்பதையும் அவர் கருத்திற் கொண்டார். அரசாங்கம் கேட்டதற்குக் குறைவாகவும் கூகுள் விரும்பியதற்கு மிகுதியாகவும் அமைந்த தீர்ப்பு அது.

நம் வீட்டளவில் நான் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பேத்தியின் கணினியில் இப்போது ஃபயர்ஃபாக்ஸும் உலாவும் குரோமும் மூன்றும் இருக்கின்றன. விண்ணப்ப நாட்களில் கொள்கை பேசுவதில்லை என்று எங்களுக்குள் உடன்பாடு. கைத்தொலைபேசியில் மாற்றுவது எளிது. செட்டிங்ஸ் என்னும் பகுதியில் ஆப்ஸ் என்பதைத் திறந்து, அதற்குள் இயல்புச் செயலிகள் என்ற இடத்தில் பிரவுசர் என்பதைத் தொட்டால், வேண்டியதை முதல்வாயிலாக வைத்துக் கொள்ளலாம். முன்னதாகப் பிளே ஸ்டோரிலிருந்து அதை இறக்கியிருக்க வேண்டும். மண்டிக்காரரின் தராசுக்கு இன்னும் தப்ப முடியவில்லை. தமிழ் தெரிகிறதா என்று பார்க்க நாளிதழ் ஒன்றையும் மதுரைத் திட்டத்தின் பக்கம் ஒன்றையும் திறந்து பாருங்கள். இன்று எல்லாவற்றிலும் நன்றாகவே தெரியும். முன்பு துண்டுத்தாள் எழுதிய என் மைத்துனர் இப்போது இந்த வழிமுறையையும் தமிழில் எழுதிச் சங்கத்து வாசகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். வயது எழுபத்திரண்டு, கையெழுத்து இன்னும் முத்து முத்தாக இருக்கிறது.

பேத்திக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது. கிடைத்த வாரமே அவள் அந்த அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினாள். பக்கத்தை எல்லா உலாவிகளிலும் திறக்கும்படி பொது விதிகளின்படி அமைக்க வேண்டும் என்று தெலுங்கில் எழுதி, என்னிடம் தமிழில் படித்துக் காட்டினாள். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது. மறுமொழி இன்னும் வரவில்லை. அடுத்த விண்ணப்பத்திற்கு ஜூலை மாதம் இருக்கிறது; முதலில் ஃபயர்ஃபாக்ஸில்தான் திறந்து பார்க்கப் போகிறாளாம்.